பாலக்காட்டிலிருந்து பெங்களூருக்கு - ஸர் கே. சேஷாத்ரி அய்யர்

வேலைக்காக வெளிநாடு செல்வது நம் பிள்ளைகளுக்கு இன்று சகஜமாகிவிட்டது. ஆனால் 1868-இல், மதராஸ் ராஜதானியில் பி.ஏ. முடித்த 23 வயது இளைஞருக்கு மைசூர் சமஸ்தானமே வேறு நாடுதான். ராஜா வேறு, பேசும் பாஷை வேறு.

குமாரபுரம் சேஷாத்ரி அய்யர் 1845-இல் பாலக்காடு அருகே பிறந்தவர். சி. ரங்காச்சார்லு மூலம் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, தும்கூரில் டெபுடி கமிஷனராகவும் இருந்தார். 1883-இல் ரங்காச்சார்லு காலமானதும் திவானானார். 1901 வரை சுமார் 18 ஆண்டுகள் அந்தப் பதவியில் நீடித்தார்.

அன்னியர் என்ற பேச்சு அவரை விடவில்லை. சமஸ்தானத்தின் பெரிய உத்தியோகங்கள் மதராஸ்காரர்களுக்கே போகின்றன என்று மைசூர்க்காரர்கள் குறைப்பட்டார்கள். நம்மவர் என்பதால் அந்தக் குறையை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. சொந்த ஊரில் படித்த பிள்ளைக்கு வேலை கிடைக்காவிட்டால் எந்தப் பெற்றோருக்கும் மனம் வலிக்கும். 1891-இல் மைசூர் சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வு வந்த பிறகும் மைசூரார், மதராஸார் என்ற பேதம் ஓயவில்லை.

அவர் செய்த காரியங்களோ இன்றும் கண்ணெதிரே நிற்கின்றன. 1894-இல் ஹெசரகட்டா ஏரியிலிருந்து பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. அதே ஆண்டு மகாராஜா சாமராஜேந்திர உடையார் காலமாக, மகாராணி ரீஜண்டாகப் பொறுப்பேற்றபோது ஆட்சிக்குத் துணை நின்றார். 1898-இல் பிளேக் நோய் நகரைச் சூறையாடிய பின், நெரிசல் இல்லாத பசவனகுடியும் மல்லேஸ்வரமும் வளர்ந்தன. விக்டோரியா ஆஸ்பத்திரியும் அவர் காலத்தில் எழுந்ததே.

காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கும் துணிந்து ஆதரவு தந்தார். 1902-இல் அந்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கச் சுரங்கத்தை எட்டியது. அதைப் பார்க்க அவர் இல்லை. உடல்நலம் குன்றி ஓய்வு பெற்று, 1901 செப்டம்பரில் காலமாகியிருந்தார்.

அன்னியர் என்ற சொல்லுக்கு நகரமே பின்னாளில் பதில் சொன்னது. கப்பன் பூங்காவில் 1913-இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். அங்குள்ள நூலகக் கட்டிடம் அவருடைய நினைவு மண்டபம். சேஷாத்ரிபுரம் என்று ஒரு பேட்டையே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

போன இடத்தில் நம்மை வேற்றாளாகப் பார்ப்பது அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்த ஊர் மக்களின் குறையையும் காது கொடுத்துக் கேட்டு, அவர்களுக்குப் பயன்படும் காரியத்தை விட்டுச் செல்வதே நம்மால் முடிந்தது.