கொடியேந்திய மருத்துவர்: தாலிமெரென் ஆவோ

1948 ஜூலை 29 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. விடுதலை பெற்ற இந்தியா பங்கேற்ற முதல் ஒலிம்பிக் அது. இந்தியக் குழுவின் முன்னால் தேசியக் கொடியை ஏந்திச் சென்றவர் முப்பது வயதான ஒரு நாகர் பழங்குடி இளைஞர். கால்பந்து அணியின் தலைவரும் அவர்தான். கல்கத்தாவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மாணவரும் அவர்தான். தாலிமெரென் ஆவோ என்ற அப்பெயரை என் பள்ளிப் பாடம் எதுவும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அத்திப்பட்டில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் பின்னணியில் வெறுங்காலோடு பந்தாடும் நம் பிள்ளைகளிடம் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: படிப்பா, பந்தா? இக்கேள்வி பெற்றோரின் அச்சத்திலிருந்து மட்டும் பிறப்பதில்லை. உடலுழைப்பு ஒருவருக்கு, அறிவு இன்னொருவருக்கு என்று பிறப்பின் பெயரால் மனிதரைப் பிரித்து வைத்த சாதியச் சமூகம் நம்மிடம் திணித்த கேள்வி அது. ஒடுக்கப்பட்ட மக்களில் ஒருவர் விளையாட்டில் சிறந்தால் அவருடைய உடல் வலிமையைப் புகழ்வார்கள். அவருடைய அறிவைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஆவோவின் வாழ்க்கை இந்தப் பிரிவினைக்கு எதிரான ஒரு சான்று.

அவர் 1918 ஜனவரி 28 அன்று, அன்றைய அசாம் மாகாணத்தின் நாகா மலை மாவட்டத்தில் உள்ள சாங்கி என்ற ஊரில், ஆவோ நாகர் இனத்தில் பிறந்தார். தந்தை கிறித்தவ சபைப் போதகர். குடும்பம் இம்பூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த மிஷன் வளாகத்தில்தான் அவருக்குக் கல்வியும் பந்தும் ஒருசேர அறிமுகமாயின. 1935இல் தந்தை டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தார். மகன் மருத்துவராகித் தன் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது தந்தையின் விருப்பமாக இருந்தது. மருத்துவ வசதி எட்டாத மலையூர்களில் காய்ச்சலுக்கு மக்கள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. எனவே அது ஒரு குடும்பத்தின் ஆசையாக மட்டும் நிற்கவில்லை. ஒரு சமூகத்தின் தேவையாகவும் இருந்தது.

கௌகாத்தியின் காட்டன் கல்லூரியில் பயின்றபோது தடகளத்திலும் கால்பந்திலும் அவர் முன்னணியில் நின்றார். அங்குள்ள மகாராணா கழகத்துக்காக ஆடினார். பின்னர் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. இன்று ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி என்று அழைக்கப்படுவது அதுதான். உலகப் போரும் 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சமும் கல்கத்தாவை உலுக்கிய அக்காலத்தில் அவர் மோகன் பகான் அணியில் சேர்ந்து, பின்னர் அதன் தலைவராகவும் உயர்ந்தார்.

அன்றைய ஆட்டமுறையில் பின்வரிசையில் இருவரும், அவர்களுக்கு முன்னால் மூவரும் நிற்பார்கள். அந்த மூவரில் நடுவில் நிற்பவரை சென்டர் ஆஃப் என்பார்கள். எதிரணியின் தாக்குதலை முதலில் தடுப்பதும், தடுத்த பந்தைத் தன் அணியின் தாக்குதலாக மாற்றுவதும் அவர் பொறுப்பு. களம் முழுவதையும் கண்ணில் வைத்து, பந்து வரும் இடத்தை முன்கூட்டியே கணித்தால்தான் அங்கே நிலைக்க முடியும். அறிவைக் கோரும் அந்த இடத்தில்தான் ஆவோ ஆடினார்.

ஜூலை 31 அன்று இல்ஃபோர்டு மைதானத்தில் இந்தியா பிரான்சை எதிர்கொண்டது. இந்திய வீரர்களில் பெரும்பாலோர் காலணி இன்றி ஆடினர். கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. சாரங்கபாணி ராமன் அடித்த கோலால் இந்தியா சமநிலை கண்டது. கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் மீண்டும் கோல் அடித்து 2–1 என வென்றது. தோற்றாலும் ஆவோவின் அணி அரங்கின் மதிப்பைப் பெற்றது.

அந்த ஆண்டின் இன்னொரு நிகழ்வையும் இணைத்துப் பார்க்க வேண்டும். அம்பேத்கர் தலைமையிலான குழு உருவாக்கிய அரசமைப்புச் சட்ட வரைவு அப்போது நாட்டின் முன் வைக்கப்பட்டிருந்தது. அரசமைப்பு அவையில் பழங்குடி மக்களின் உரிமைக்காக வாதாடிக்கொண்டிருந்த ஜெய்பால் சிங் முண்டா, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஹாக்கி அணிக்குத் தலைமை ஏற்றவர். அவரும் தற்காப்பு ஆட்டக்காரரே. தீண்டாமையை ஒழிக்கும் கூறு அந்த அவையில் நிறைவேறியது 1948 நவம்பர் 29 அன்று. அதாவது, சமத்துவம் சட்டமாவதற்கு முன்பே பழங்குடி மக்கள் இந்நாட்டின் அணிகளைத் தலைமை தாங்கி நடத்திக் காட்டியிருந்தார்கள்.

லண்டன் ஆட்டத்துக்குப் பின் இங்கிலாந்தின் ஆர்சனல் கழகம் ஆவோவை அழைத்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அவர் திரும்பி வந்தார். 1950இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சில ஆண்டுகளில் கால்பந்திலிருந்து விலகிக் கோகிமாவில் அரசு மருத்துவரானார்.

அவர் பணியாற்றச் சென்ற மலைகள் விரைவில் போர்க்களமாயின. 1950களின் நடுவில் நாகா மலைகளில் இராணுவம் இறக்கப்பட்டது. 1958இல் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. எந்தக் கொடியை அவர் லண்டனில் ஏந்தினாரோ, அக்கொடியின் பெயரால் அவர் மக்கள் மீது துப்பாக்கிகள் நீட்டப்பட்டன. அந்த ஆண்டுகளிலும் அவர் மருத்துவப் பணியைக் கைவிடவில்லை. 1963இல் நாகாலாந்து தனி மாநிலமானது. அம்மாநிலச் சுகாதாரத் துறையின் இயக்குநராக உயர்ந்து 1978இல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பரில் காலமானார். அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளிவந்தது 2018இல். கொடியேந்திய நாளிலிருந்து எழுபது ஆண்டுகள் கழித்து.

இந்த வாழ்க்கையைத் தனிமனிதத் திறமையின் வெற்றியாக மட்டும் படித்தால் பாதியைத்தான் படித்தவர்களாவோம். ஆவோவுக்கு இம்பூரில் பள்ளியும் திடலும் அருகருகே இருந்தன. கௌகாத்தியில் கல்லூரியும் கழகமும் இருந்தன. கல்கத்தாவில் மருத்துவம் பயின்றபடியே ஆட முடிந்தது. படிப்பா, பந்தா என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை; அதனால்தான் இரண்டிலும் உச்சம் தொட்டார்.

எண்ணூர் முதல் அத்திப்பட்டு வரை ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் சாம்பல் குளங்களுக்கும் நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவற்றின் தூசியைச் சுவாசிக்கும் குடியிருப்புகளுக்கு ஒரு நல்ல விளையாட்டுத் திடலைக் கேட்டால், அதைச் சலுகையாகப் பார்க்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் கூறு, அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் எந்தத் தடையும் கூடாது என்கிறது. ஆனால் திடலே இல்லாத இடத்தில் நுழைவதற்கான உரிமை வெறும் எழுத்துதான். 15(4)ஆம் கூறு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முன்னேற்றத்துக்குத் தனி ஏற்பாடுகள் செய்ய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரம் கல்லூரி இடத்தோடு முடிந்துவிட வேண்டியதில்லை. பள்ளியும் திடலும் பயிற்சியாளரும் ஒரே வளாகத்தில் வேண்டும் என்று நாம் கோரலாம், கோர வேண்டும்.

நம் பிள்ளைகளின் கால்களை மட்டும் பாராட்டிவிட்டுப் போகிறவர்களிடம் ஆவோவின் வாழ்க்கையை நினைவூட்டுவோம். பந்தைத் தடுத்த அதே மனிதர்தான் நோயாளியின் நாடியையும் பிடித்தார்.