‘பொன்னியின் செல்வன்’ இப்போ யாருக்குச் சொந்தம்? டெல்டாக்காரர் கல்கியின் கதை

மன்னார்குடியில் இருக்கிற ஒரு மாணவி, ‘பொன்னியின் செல்வன்’ நாவலைத் தன் குரலில் படித்து யூடியூபில் போடலாமா? தாராளமாகப் போடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனா, சில விஷயங்களில் கவனம் தேவை. அதைப் புரிந்துகொள்ள, எழுதியவரின் கதையைத் தெரிஞ்சுக்கணும்.

யார் இந்த கல்கி?

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9-ல் மயிலாடுதுறை பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தார். அன்றைக்கு மயிலாடுதுறை, மன்னார்குடி எல்லாமே ஒரே தஞ்சாவூர் ஜில்லாதான். ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் திருச்சியில் படிப்பைப் பாதியில் விட்டார். 1922-ல் சிறைக்குப் போனார். பிறகு திரு.வி.க.வின் ‘நவசக்தி’, ராஜாஜியின் ‘விமோசனம்’, அடுத்து ‘ஆனந்த விகடன்’ எனப் பத்திரிகையே வாழ்க்கையானது. 1941-ல் சதாசிவத்துடன் சேர்ந்து ‘கல்கி’ இதழைத் தொடங்கினார்.

பாரதிக்காக நின்றவர்

எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப வாசகர்களிடம் நிதி திரட்டியவர் கல்கி. 1947-ல் மண்டபம் திறக்கப்பட்டது. 1949-ல் பாரதி பாடல்களின் உரிமையை அரசே வாங்கியது. பிற்பாடு அவை எல்லோருக்கும் பொதுவாயின.

1950-ல் கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடர் ஆரம்பமானது. 1954-ல் முடிந்தது. அதே வருஷம் டிசம்பர் 5-ல், 55 வயதில் கல்கி காலமானார்.

உரிமை என்ன ஆச்சு?

நம்ம காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம் வரை உரிமை இருக்கும். அந்தக் கணக்கில் கல்கியின் எழுத்துக்கு 2014 கடைசி வரை உரிமை நீடித்திருக்கும். ஆனா, 1999-லேயே தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிடுச்சு. பாரதிக்குக் கிடைத்தது, சரியாக 50 வருஷம் கழித்து கல்கிக்கும் கிடைத்தது. நாட்டுடைமை என்றால் அரசு மட்டும் அச்சடிக்கலாம் என்று அர்த்தமில்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், விற்கலாம், ஒலிப்புத்தகம் ஆக்கலாம்.

எங்கே கவனம் வேணும்?

பொதுச்சொத்து ஆனது கல்கி எழுதிய எழுத்து மட்டும்தான். ஓவியங்களின் உரிமை தனி. பிறர் செய்த மொழிபெயர்ப்பு, இன்னொருவர் பதிவு செய்த ஒலிப்புத்தகம், 2022, 2023-ல் வந்த மணிரத்னம் படங்களின் காட்சி, இசை எல்லாத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு. அவற்றை எடுத்து வீடியோவில் ஒட்டினால் புகார் வரலாம், வீடியோ நீக்கப்படலாம்.

வாட்ஸ்அப் வரலாறு

இன்னொரு சிக்கலும் இருக்கு. நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனை. ஆதித்த கரிகாலன் கொலையும், அதில் தொடர்புடைய ரவிதாசன் பெயரும் உடையார்குடி கல்வெட்டில் இருப்பவை. இரண்டையும் கலந்து சோழர் வரலாறு என்று ஃபார்வர்டு வந்தால், நாவலா கல்வெட்டா என்று பார்த்துவிட்டு ஷேர் பண்ணுங்க. கல்கி எழுதியது நாவல். அதை யாரும் பயன்படுத்தலாம். வரலாறு என்று சொல்லித்தான் பரப்பக் கூடாது.