வலியைத் தேடிய டாக்டர்

ஓடி விளையாடும்போது கால் கட்டைவிரல் வாசற்படியில் 'நங்'கென்று இடித்துக் கொண்டால் என்ன செய்வீர்கள்? அலறிக்கொண்டு ஒற்றைக் காலில் குதிப்பீர்கள். வலி என்று ஒன்று இல்லாமலே போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அப்போது தோன்றும், இல்லையா? அப்படி வலியே தெரியாத மனிதர்களுக்காக உழைத்த ஒரு டாக்டரைப் பற்றித்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள். அவர் பெயர் பால் பிராண்ட்.

பெயரைப் பார்த்து வெளிநாட்டில் பிறந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1914-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி அவர் பிறந்தது நம் கொல்லிமலையில்! இங்கிலாந்திலிருந்து சமயப் பணிக்கு வந்த அவருடைய பெற்றோர், மலைவாழ் மக்களுக்கு மருத்துவமும் செய்து வந்தார்கள். சிறுவன் பால் மரக்கிளையில் உட்கார்ந்துதான் பாடம் படிப்பானாம். கொடுத்து வைத்தவன்!

ஒருநாள் தொழுநோயாளிகள் மூன்று பேர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு, அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். அவர்கள் போன பிறகு, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று குழந்தைகளுக்கு உத்தரவு. எதற்கும் அஞ்சாத அப்பாவின் முகத்தில் அன்று பயத்தைப் பார்த்தான் பால். சீழும் ரத்தமும் அவனுக்குக் குமட்டின. டாக்டர் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்து கொண்டான்.

ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். அதன் பிறகு அப்பாவைப் பார்க்கவே முடியவில்லை. 1929-ல், மலேரியா முற்றி வந்த காய்ச்சலில் அப்பா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. ஆனால் கடிதங்கள் கப்பலில் வந்த காலம் அது. இறந்துபோன அப்பா முன்பே எழுதி அனுப்பிய கடிதங்கள், தந்திக்குப் பிறகும் வந்து கொண்டிருந்தன. அந்த 14 வயதுப் பையனின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றுக் கொண்டார் பால். சில வருடங்கள் கழித்துத்தான் மனம் மாறி மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப்போரில் லண்டன் மீது குண்டுகள் விழுந்தபோது, காயம்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்து கை தேர்ந்தார். தொழுநோய் நிபுணர் டாக்டர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பை ஏற்று, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

செங்கல்பட்டை அடுத்துத் திருமணி என்ற ஊர் இருக்கிறது. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்கச் செங்கல்பட்டு வழியாகப் போகிற பலருக்கு இந்த ஊரைப் பற்றித் தெரியாது. அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1947-ல் காக்ரேன் பிராண்டை அங்கே அழைத்துப் போனார். காக்ரேன் நோயாளிகளின் தோலைக் காட்டிக் கொண்டே நடந்தார். பிராண்டின் கண்களோ, மடங்கிப்போன அவர்களுடைய கைகளிலேயே இருந்தன. ஓர் இளைஞர் தரையில் உட்கார்ந்து, மடங்கிய விரல்களோடு செருப்பு வாரைக் கழற்றப் போராடிக் கொண்டிருந்தார். பிராண்ட் அவர் கைக்குள் தன் கையை வைத்து, முடிந்தவரை இறுக்கச் சொன்னார். அவ்வளவுதான், வலி தாங்காமல் துடித்துப் போனார்! உதவாத கை என்று எல்லோரும் நினைத்த கையில் அவ்வளவு வலு! அப்படியானால் தசைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. சில நரம்புகள் மட்டுமே செயலிழந்திருக்கின்றன. பிராண்டுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள தசைகள் பல நன்றாகவே இருந்தன. அந்தத் தசைநாரை இடம் மாற்றி விரலில் இணைத்தால் என்ன? பொம்மலாட்டப் பொம்மையின் கயிற்றை மாற்றிக் கட்டுவது போல! 1948-ல் ஆபரேஷன்கள் தொடங்கின. பல வாரப் பயிற்சிக்குப் பிறகு, நகம் போல் வளைந்திருந்த விரல்கள் நிமிர்ந்தன. தன் கையாலேயே சோற்றைப் பிசைந்து சாப்பிட முடிந்தவர்களின் மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டுமா? பிராண்டும் பூரித்துப் போனார்.

அந்தப் பூரிப்பு நீடிக்கவில்லை. குணமாகிப் போன இளைஞர் ஒருவர் சில மாதங்களில் மெலிந்து, சோர்ந்து திரும்பி வந்தார். முன்பெல்லாம் மடங்கிய கையைப் பார்த்து இரக்கப்பட்டுக் காசு போட்டார்கள். இப்போது கை நன்றாக இருப்பதால் பிச்சையும் கிடைக்கவில்லை. தொழுநோய் வந்தவர் என்பதால் வேலையும் வீடும் தர ஆளில்லை. நல்லது செய்ததாக நினைத்து, அவர் பிழைப்பையே கெடுத்துவிட்டோமா? பிராண்டுக்குப் பெரிய அடி அது.

ஆனால் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1950-களின் தொடக்கத்தில் 'நவஜீவ நிலையம்' என்ற சிறு குடியிருப்பு வேலூரில் உருவானது. ஆபரேஷன் முடிந்தவர்கள் அங்கே தங்கித் தொழில் கற்றார்கள். தச்சு வேலை சொல்லிக் கொடுத்தவர்களில் பிராண்டும் ஒருவர்! டாக்டராவதற்கு முன் உளியும் ரம்பமும் பிடித்த வருடங்கள் வீண் போகவில்லை, பார்த்தீர்களா?

அங்கேயும் ஒரு சோதனை. ஆபரேஷன் செய்த கைகளில் புதுப்புதுப் புண்கள்! நோய்தான் சதையை அழுகச் செய்கிறது என்று அதுவரை எல்லோரும் நம்பினார்கள். பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டில் சாவி திரும்பவில்லை. அவரால் முடியாததை ஒரு சிறுவன் ஒரே திருகில் திருப்பிவிட்டான். கீழே ரத்தச் சொட்டுகள்! விரல் எலும்பு வரை கிழிந்திருந்தது. அவனோ வலி தெரியாமல் நின்றான். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியவர்களும் உண்டு. இரவோடு இரவாகச் சிலருடைய விரல் நுனி காணாமல் போனது எப்படி? விழித்திருந்து பார்த்தால், எலி! தூங்குகிறவருக்கு உணர்ச்சி இல்லாததால் தெரியவில்லை. அதன் பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்கு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். உணர்ச்சியில்லாத பாதங்களில் புண் வராமலிருக்க, மெத்தென்ற ரப்பர் செருப்புகளும் தயாராயின.

இவ்வளவு துணிச்சலான பிராண்டும் ஓர் இரவு நடுங்கிப் போனார். 1953-ல் லண்டனுக்கு ரயிலில் போய்ச் சேர்ந்த இரவு, காலுறையைக் கழற்றியபோது குதிகால் மரத்திருந்தது. ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை! தனக்கும் தொழுநோய் வந்துவிட்டதா? மனைவி, குழந்தைகளைத் தொடக்கூட முடியாதா? அன்றிரவு தூக்கமே இல்லை. விடிந்ததும் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது! நீண்ட ரயில் பயணத்தில் நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். தன் நோயாளிகள் இரவுகளை எப்படிக் கழித்திருப்பார்கள் என்பதும் அன்றுதான் அவருக்கு முழுதாகப் புரிந்தது.

பிறகு வேலூர் அருகே கரிகிரியிலும், 1966-க்குப் பிறகு அமெரிக்காவிலும் பணியைத் தொடர்ந்தார். 2003-ல் தன் 88-வது வயதில் காலமானார். அவருடைய அம்மா ஈவ்லின், கணவர் இறந்த பின்னும் மலைமக்களுக்கே உழைத்து, 95 வயதில் மறைந்து, கொல்லிமலையிலேயே அடக்கமானார்.

திருமணி மருத்துவமனையை 1955-ல் மத்திய அரசு ஏற்றது. இன்று அது மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். இப்போது தொழுநோயை மாத்திரைகளாலேயே முழுமையாகக் குணப்படுத்திவிடலாம். உடம்பில் உணர்ச்சியில்லாத, வெளிறிய தேமல் யாருக்காவது இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். அங்கே மாத்திரைகள் இலவசம்.