சிபாரிசு மன்னர் வெச்ச பரீட்சை!

1870-கள்ல நியூயார்க் சுங்க அலுவலகத்துல வேலை வேணும்னா, தகுதியைவிட கட்சி விசுவாசம்தான் முக்கியம். சம்பளத்திலும் கட்சிக்கு ஒரு பங்கு வெட்டணும். அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரி, செஸ்டர் ஆர்தர். 1878-ல் அதிபர் ஹேய்ஸ் அவரைத் தூக்கியடித்தார்.

ஆனாலும் 1881-ல் ஆர்தர் துணை அதிபர்! அந்த ஜூலையில், பாரிஸ் தூதரகப் பதவி கேட்டு அலைந்து ஏமாந்த கிட்டோ, அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டான். ஆர்தர் அதிபராகணும் என்பதும் அவன் கணக்கு. ஏற்கெனவே கெட்ட பேர். இப்போ கொலைப்பழி வேறு. செப்டம்பரில் கார்ஃபீல்டு இறக்க, ஆர்தர் அதிபரானார்.

பழைய கூட்டாளிகள் பதவிக்குக் காத்திருந்தாங்க. அவரோ 1883 ஜனவரி 16-ல் பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அரசு வேலைக்குப் போட்டித் தேர்வு! முதலில் சுமார் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான். ஆனா கட்சிக்கு நிதி தரலைன்னு இனி அந்த ஊழியர்களை வேலையைவிட்டுத் தூக்க முடியாது.

1884-ல் கட்சி அவருக்கு மறுபடி சீட் தரலை. சிறுநீரக நோயால் 1886-ல் இறந்தார். சாகும் முன்பு தன் காகிதங்களில் பெரும்பாலானதை எரிக்கச் சொல்லிட்டார்.