மதுரையில் பிறந்த கணித மேதை

கணிப்பொறி பயிலும் நம் மாணவியருக்கு டி மார்கன் விதி தெரியும். அந்த டி மார்கன் நம் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பதைப் பலர் அறியோம். திருப்பனந்தாளில் இருக்கும் நமக்கு மதுரை எட்டாத ஊரன்று. அங்கே 1806 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் நாள், கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஒருவருக்கு மகனாகப் பிறந்தார் அகஸ்டஸ் டி மார்கன். பிறந்த சில வாரங்களிலேயே ஒரு கண்ணின் பார்வை போயிற்று. ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்து சென்றார்.

கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று 1827 இல் நான்காமவராகத் தேறினார். எம்.ஏ. பட்டம் பெற வேண்டுமானால் இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்பதாக உறுதி கூற வேண்டும். மனம் ஒப்பாமல் ஆம் என்று சொல்ல அவர் இசையவில்லை. பட்டம் கைவிட்டுப் போயிற்று. சமயச் சோதனை வைக்காத புதிய லண்டன் கல்லூரி ஒன்று 1828 இல் அவரைப் பேராசிரியராக்கியது. அப்போது வயது 21!

1847 இல் இவரும் நண்பர் ஜார்ஜ் பூலும் தர்க்கத்தைக் கணிதமாக்கும் நூல்களைத் தனித்தனியே வெளியிட்டனர். பூல், செருப்புத் தைப்பவரின் மகன். கல்லூரி வாசலை மிதியாமலே பேராசிரியரானவர். ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்புகளுக்குப் 'பூலியன்' என்னும் பெயர் அவரால் வந்தது. டி மார்கன் விதியோ இது: ஒருவருக்குப் பட்டாவும் காப்பீடும் உண்டு என்பது பொய்யானால், பட்டா இல்லை அல்லது காப்பீடு இல்லை என்றே கொள்ள வேண்டும். இரண்டுமே இல்லை என்று முடிவு கட்டலாகாது.

இந்த ஆம், இல்லையை ஒவ்வொரு கணிப்பொறி மொழியும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் 1, 0 என்ற சிறிய எண்களாக வைக்கும். விஷுவல் பேசிக்கின் பழைய பதிப்புகளில் ஆம் என்பது -1. ஆரக்கிள் தரவுத்தளத்தில் 2023 வரை இதற்கெனத் தனிக் கட்டமே இல்லை. 'ஒய்', 'என்' என்ற எழுத்துகளை இட்டுச் சமாளித்தனர். வந்தது 1 தானா என்று மட்டும் பார்க்கும் நிரலில் -1 போய் விழுந்தால், ஆம் இல்லையாகிவிடும்.

வெற்றுக் கட்டம் இன்னும் பொல்லாதது. சம்பாப் பயிருக்குக் காப்பீடு செய்தாரா என்ற கட்டம் காலியாயிருந்தால், பதில் இன்னும் பதியப்படவில்லை என்றுதான் பொருள். அதை 0 என நிரப்பிவிட்டால், காப்பீடு செய்த உழவரும் செய்யாதவராகிவிடுவார். வெள்ளத்தில் பயிர் அழுகிய பின் அவர் இழப்பீட்டுக்கு யாரிடம் போய் நிற்பார்?

டெல்லியில் கணிதம் கற்பித்த ராமச்சந்திராவின் நூலை 1859 இல் லண்டனில் மறுபதிப்பாக வெளிவரச் செய்தவரும் டி மார்கனே. 1866 இல் அவருடைய கல்லூரியே சமயத்தைக் காரணமாக்கி ஓர் அறிஞருக்குப் பதவி மறுத்தது. டி மார்கன் தம் பதவியைத் துறந்து வெளியேறினார். 1871 மார்ச் 18 இல் லண்டனில் காலமானார்.