நல்ல முதலாளி தந்த சாட்சியம்

நல்ல முதலாளி வாய்த்துவிட்டால் போதாதா, சங்கம் எதற்கு, சட்டம் எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நாம் விடை கூறப்போவதில்லை, தோழர்களே! விடை கூறத் தகுதி படைத்த ஒருவரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கிறோம். அவரும் முதலாளி, அதிலும் நல்ல முதலாளி. பெயர், ராபர்ட் ஓவன்.

1771-ல், வேல்ஸ் நாட்டின் நியூட்டவுன் எனும் சிற்றூரில், குதிரைச் சேணம் செய்பவரின் மகனாகப் பிறந்தார். 10 வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டார்; துணிக்கடையில் தொழில் பழகினார். 20 வயதை ஒட்டி, மான்செஸ்டரில் 500 பேர் உழைத்த நூற்பாலைக்கு மேலாளரானார். மாமனார் டேவிட் டேலிடமிருந்து கூட்டாளிகளோடு வாங்கிய நியூ லானர்க் பஞ்சாலை, 1800-ல் அவர் நிர்வாகத்துக்கு வந்தது. ஸ்காட்லாந்தில், கிளைட் ஆற்றங்கரையில் உள்ள ஆலை அது.

அங்கே அவர் கண்டது என்ன? ஏறத்தாழ 2,000 பேர். அவர்களில் 500 பேர் குழந்தைகள்! எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் அனாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை ஆலை. அதன் பிறகு பாடம்! பிஞ்சுக் கரங்கள் நூலிழைத்தன. பிஞ்சு விழிகள் தூக்கத்தில் சொருகின.

இரும்பு எந்திரத்துக்கு எண்ணெயிட்டுத் துடைத்து வைத்தால் இலாபம் என்று அறிந்தவர்கள், உயிருள்ள மனிதனைப் பேணினால் நட்டம் என்று கணக்குப் போடுகிறார்களே, இது என்ன கணக்கு என்று கேட்டார் ஓவன். கேட்டதோடு நின்றாரில்லை. விடுதிக் குழந்தைகளைக் கொணர்வதை நிறுத்தினார். 10 வயதுக்கு உட்பட்டோருக்கு ஆலை இல்லை, பள்ளி உண்டு என்றார். வேலை நேரத்தை, உணவு வேளை நீங்கலாக, பத்தே முக்கால் மணியாகக் குறைத்தார். கொள்ளை விலைக் கடைகளை விரட்டி, நல்ல பண்டத்தை மலிவாகத் தரும் கடை திறந்தார். 1807-ல் அமெரிக்கா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அதன் விளைவாக ஆலை 4 மாதம் நின்றபோதும் கூலி நிற்கவில்லை. 7,000 பவுனுக்கு மேல் கொடுத்தார்!

ஆலை திவாலாயிற்றா? இல்லை, இலாபம் குவிந்தது. ஆனாலும் கூட்டாளிகள் முகம் சுளித்தனர். பள்ளிக்கூடமா, வீண் செலவு என்றனர். 1813-ல் ஜெரமி பெந்தாம், வில்லியம் ஆலன் முதலிய புதிய கூட்டாளிகளைத் திரட்டி ஆலையை மீண்டும் வாங்கினார். பங்குக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஆதாயம் இல்லை என்பது அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. வீண் செலவென்று பழிக்கப்பட்ட கல்விக்கூடம் 1816-ல் எழுந்தது.

இனித்தான், தோழர்களே, சாட்சியத்தின் உயிர்நாடி! தம் ஆலையைத் திருத்தியவர், பக்கத்து ஆலைகளைப் பார்த்தார். அங்கே குழந்தைகள் வதைபட்டன. ஒரு முதலாளியின் இளகிய நெஞ்சு அவர் மதிற்சுவரைத் தாண்டாது என்பதை உணர்ந்தார். சட்டம் கேட்டுப் பார்லிமெண்டின் கதவைத் தட்டினார். ஆலை அதிபர்கள் எதிர்த்தனர். 1819-ல் வந்த சட்டம் கொம்பொடிந்த காளை! பஞ்சாலைகளுக்கு மட்டும், 9 வயதானால் வேலை செய்யலாம், 16 வயது வரை நாளொன்றுக்கு 12 மணி நேரம், மேற்பார்க்க அதிகாரி இல்லை.

ஓவனிடம் குறையே இல்லையா? உண்டு. நியூ லானர்க்கில் ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு நிறக் கட்டை ஒன்று தொங்கியது. நேற்றைய வேலைக்குக் கறுப்பா, நீலமா, மஞ்சளா, வெள்ளையா என்று மேலாளர் திருப்பி வைப்பார். அடி உதை ஒழிந்தது, உண்மை. ஆனால், மேலாளருக்கு நிறம் குறிக்கத் தொழிலாளியிடம் கட்டை ஏது?

1825-ல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி எனும் பொதுவுடைமைக் குடியேற்றம் கண்டார். அது நொறுங்கியது, செல்வத்தில் பெரும்பகுதி போயிற்று. 1834-ல் இங்கிலாந்தில் எழுந்த மாபெரும் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் முன்னணியில் நின்றார். அதுவும் நிலைக்கவில்லை. 1858-ல், பிறந்த ஊரிலேயே கண்மூடினார்.

ஆனால், அவர் கேட்டவை சாகவில்லை. 1833-ல் ஆலைக் கண்காணிப்பாளர் வந்தனர். 1847-ல் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் 10 மணி நேரச் சட்டம் வந்தது. ஊர் ஊராய்க் கூட்டம் போட்டு, மனுக் கொடுத்து, பாட்டாளிகள் போராடிப் பெற்றவை அவை.

நியூ லானர்க் ஆலை 1968-ல் மூடப்பட்டது. 2001-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஓவனோ, 1828-லேயே அதைவிட்டு விலகிவிட்டார். நல்ல முதலாளி வருவார், போவார். அவர் தரும் கருணை அவரோடு போகும். சட்டமாகிவிட்ட உரிமை, முதலாளி மாறினாலும் மாறாது. நல்லவர் வாய்த்தால் வாழ்த்துவோம், தோழர்களே. வாழ்த்தும்போதும் சங்கத்தைக் கலைக்கமாட்டோம்!