மெய்ப்பொருள் நாயனாரும் பரிபாக அளவும்

செபத்தொகையைக் கொண்டே நம் பரிபாகத்தை அளக்க முற்படுகின்றோம். 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின்கண் உள்ள திருக்கோவலூரிலிருந்து சேதிநாடாண்ட மெய்ப்பொருள் நாயனார்க்கு அளவு வேறாயிற்று. அடியார் வேடமே மெய்யெனக் கொண்டொழுகியவர் அவர். போரிற் பலகால் தோற்ற முத்தநாதன் நீறு பூசி, சுவடிக்கட்டிற் படை மறைத்து, ஆகமம் உரைப்பான்போற் புகுந்து, தாழ விருந்து வணங்கியவரைக் குத்தினான். அந்நிலையினும் வேடத்தையே தொழுதார். வாளோங்கிய தத்தனைத் தடுத்து, பகைவனை ஊறின்றிக் கொண்டுபோய் விடப் பணித்தார். இருவினையொப்பை நூலிற் கற்றார் பலர்; குருதி சோரும்பொழுது அதில் நின்றார் அரியர். தத்தனையும் நாம் மறத்தலாகாது. ஓங்கிய வாளைத் தாழ்த்தி, வெகுண்டெழுந்த குடிகளை விலக்கி, அக்கொடியோனை நகர்ப்புறத்தே காத்து விடுத்தான், எளிய செயலன்று. அவன் மீண்டு அறிவிக்குமளவும் உயிர் தாங்கியிருந்த நாயனார், திருநீற்றன்பைப் பேணுமாறு உரிமையோர்க்கு உரைத்து, அம்பலவன் கழல் நினைந்தார்.